இன்னும் பிரியலையா?

டைப்பிஸ்ட் பெண் காலையிலிருந்து நான்காவது முறையாகத் தன் அம்மாவிடம் போனில் கிசுகிசுத்தாள்.

"இன்னும் பிரியலையாம்மா? அஞ்சு நாளாச்சே! பிரியற வரைக்கும் தம்பிக்குச் சோறே கிடையாதா? அவன் பொண்டாட்டி என்ன சொல்றா? சீக்கிரம் பிரியணும்னு சாமிய வேண்டிக்கிறாளா?"

பக்கத்து மேஜைத் தலைமை எழுத்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டியவளே இப்படி வேண்டிக்கொள்வதா? உறவில் நான்கு ஜோடிகளைச் சமாதானம் பேசிச் சேர்த்துவைத்தவர் அவர்.

"தம்பிகிட்ட கொடுக்கச் சொல்லும்மா" என்று போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"தம்பி, அவசரப்படாதீங்க. எது வந்தாலும் உள்ளுக்குள்ளயே அடக்கிக்கப் பழகணும். நானெல்லாம் முப்பது வருஷமா அடக்கிக்கிட்டுத்தான் வாழறேன்."

"ஐயோ சார், அடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு! வேலிக் கம்பி மேல விழுந்து ஆசனவாய் கிழிஞ்சு, ஆபரேஷன் பண்ணித் தைச்சிருக்காங்க. காத்து பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தமாம், அப்புறம்தான் சாப்பாடாம். அது சரி, நீங்க முப்பது வருஷமாவா சார்?"

கேட்டு முடிப்பதற்குள் தம்பிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு சேர்ந்து நீளமாக இன்னொரு சத்தமும் வந்தது.

"அத்தை, பிரிஞ்சிடுச்சு!" என்று ஆஸ்பத்திரியே அதிரும்படி அவன் மனைவி கூவினாள். "கஞ்சி வாங்கிட்டு வாங்க!"

தலைமை எழுத்தர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் காதை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.