மிச்சப் பெட்ரோல்

இடுப்பு விட்டுப் போயிருந்தது.

விடிந்ததில் இருந்து, பந்தயம் ஓடிய நேரம் போக, கார் எஞ்சின் மேல் குனிந்தே நிற்கிறான். நிமிர்ந்தால் வலி. குனிந்தால் அதைவிட வலி. மேலே கோவை வெயில், கீழே எஞ்சின் சூடு.

மூன்றாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளி மினுங்கியது.

பிஸ்டனின் தலை. உருகித் தெறித்திருக்கிறது.

பின்னால் கௌசிகா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த சிரிப்பு. இந்தக் காரை வாங்கியதில் இருந்து அவள் பரிசு மேடை ஏறியதே இல்லை. இன்னொரு பந்தயம் மீதி இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு.

"ஏனுங்ணா, மேப்புல என்ன மாயம் பண்ணுனீங்க? நேர்ரோட்டுல பிச்சுக்கிட்டுப் போகுதுங்!"

மாயம் ஒன்றுமில்லை. எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்று லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எண்கள். உச்ச வேகக் கட்டங்களில், எரியாமல் மிச்சமாகப் போகிறதைக் கொஞ்சம் குறைத்தான்; இழுவை கூடும். அவ்வளவுதான். அவள்தான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமென்று.

ஆனால் மிச்சமாகப் போகிற பெட்ரோல் வீண் இல்லை. உள்ளே இருக்கிற தணலை அதுதான் தணிக்கும்.

தெரியும். தெரிந்துதான் குறைத்தான். பட்டறையில் காரை உருளை மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் விரட்டியும் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

எப்படி ஆகும்? பட்டறையில் காருக்கு முன்னால் ஆள் உயர விசிறி. இங்கே முன்னால் இன்னொரு காரின் பின்புறம். அது விட்ட சூட்டைத்தான் இவள் கார் சுற்றுக்குச் சுற்று குடித்தது.

அதை யோசிக்கவில்லை.

சொன்னால் அடுத்த பந்தயம் கிடையாது. சொல்லாமல் விட்டு, நேர்ரோட்டில் பிஸ்டன் ஓட்டையாகி, எண்ணெய் டயரில் பட்டு வழுக்கினால்?

"என்னங்ணா, பிளக்கையே மொறச்சுப் பாக்கறீங்க? பொண்ணு பாக்க வந்தவராட்டம்!"

கட்டைவிரலால் பிளக்கைத் துடைத்தான். வெள்ளி விரலில் ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல அம்மணி. நீ போயிச் சாப்பிடு."

அவள் போனாள்.

லேப்டாப்பைத் திறந்தான். குறைத்ததை எல்லாம் திரும்ப ஏற்றினான். பழைய அளவுக்கும் மேலே ஏற்றினான். கார் மந்தமாகத்தான் ஓடும். ஓடினால் போதும்.

இரண்டாவது பந்தயத்தை அவன் பார்க்கவில்லை. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டான். ஒவ்வொரு சுற்றிலும் அது தூரப் போகும்போது மூச்சைப் பிடித்தான். திரும்பி வரும்போது விட்டான்.

கடைசிவரை வந்தது. ஒன்பதாவதாக.

இறங்கியவள் நேரே அவனிடம் வந்தாள். சிரிப்பில்லை.

"நீங்க நல்லாத்தானுங்ணா வண்டிய வெச்சுக் குடுத்தீங்க. எங்காலுதான் பயந்துக்கிச்சுங். அழுத்தறேன், அழுத்தறேன்னு நெனச்சனே தவிர, அழுத்தவே இல்லயாட்ட இருக்குதுங்."

தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அவள் குடித்து முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நின்றான்.

குடித்து முடித்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு அவன் ஒரு பிஸ்டன் கடன்பட்டிருந்தான். அதற்கும் முன்னால், ‘உங்காலு மேல தப்பில்ல’ என்ற ஒரு பேச்சு.