அரை அங்குல இடைவெளி

“மெதுவா... மெதுவா! பச்சைப் பிள்ளையைத் தொட்டில்ல கிடத்திற மாதிரி இறக்கு, நவம்!”

நவரட்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். இறக்கியது பிள்ளையை அல்ல, 1969ஆம் ஆண்டுச் சிவப்பு மசில் கார் ஒன்றின் எஞ்சினை மூடும் பொனற்றை. கனகசிங்கம் இருபது வருடமாக ஒரு கீறல் விழாமல் காத்துவந்த கார் அது.

நாளைக்கு அவருடைய மகள் நிரூபாவுக்குக் கலியாணம். அவளை அந்தக் காரில் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவது நவரட்ணம். “நவம் அங்கிள்தான் ஓடவேணும்” என்று அவளே கேட்டுவிட்டாள். ரொறன்ரோவில் பதினாறு வருடம் பஸ் ஓடிக் கிடைக்காத பெருமை அது. அவர் குடியிருக்கும் மல்வேர்னில் அவர் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ஆனால் அவர் கைக்கு இந்த வீட்டில் நல்ல பெயர் கிடையாது. கனகசிங்கம் குடும்பம் ஸ்ரௌவ்விலுக்கு வீடு மாறிய அன்று, ஃப்ரிட்ஜைப் படியில் நழுவவிட்டவர் அவர்தான். அன்றிலிருந்து ‘முரட்டுக் கை’ என்பது பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அவர் கைகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டுதான் கராஜுக்குள் நுழைந்தார்.

பிரச்சினை எஞ்சினின் மேலே இருந்தது. எஞ்சினுக்குக் காற்றைக் கொடுக்கும் பழைய மனிஃபோல்ட் வெடித்துப்போக, தேடிப் பிடித்த புதியது ஒரு அங்குலம் கூடுதல் உயரம். அதற்கு மேல் கார்பரேற்றர், அதற்கும் மேல் ஏர் ஃபில்ரர். இவ்வளவையும் வைத்துப் பொனற்றை மூடினால் இடம் மிஞ்சுமா என்று பார்க்கவேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. ஃபில்ரரின் தலையில் ஒரு களிமண் உருண்டையை வைத்து மூடித் திறந்தால், அமுங்கிய களியின் தடிப்புத்தான் மிஞ்சிய இடம். களிக்கு எங்கே போவது? கனகசிங்கம் குசினிக்குள் போய், ஈரத்துணி போட்டு மூடியிருந்த சட்டியிலிருந்து ஒரு கை மாவைக் கிள்ளிக்கொண்டு வந்தார்.

“ரொட்டிக்குக் குழைச்சது. கோணேஸ் கவனிக்கமாட்டா” என்று கண்ணடித்தார்.

மூடிய பொனற்றைத் திறந்தபோது மா தட்டையாக அமுங்கியிருந்தது. அளப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி கோணேஸ்வரியின் குரல் வந்தது. “தேத்தண்ணி ஆறுது! டோர்செட் பார்க்கில இருந்து சித்தப்பா ஆக்களும் வந்திட்டினம், வந்து கதையுங்கோவன்!”

கலியாண வீட்டுக் கதை சீக்கிரம் முடியுமா? ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் இருவரும் கராஜுக்குத் திரும்பினார்கள். மே மாதம் பிறந்தும் குளிர் விடாததால் அங்கே ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. கனகசிங்கம் அளக்கிற அடிமட்டத்தை எடுத்து மாவில் குத்தினார். அது மெத்தென்று உள்ளே இறங்கியது.

“அரை அங்குலம்! தாராளமா இடம் கிடக்கு.”

இடம் கண்டதும் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. மாவை வழித்து மேசையில் எறிந்தார். பழைய ஃபில்ரரைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் உயரமான புதியதைப் பூட்டினார். “எஞ்சின் நல்லா மூச்சு விடட்டும். இப்ப மூடு.”

நவரட்ணம் முன்பைவிட மெதுவாகவே இறக்கினார். கொளுக்கி விழுவதற்காகக் கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அமத்தினார்.

டக்கென்று ஒரு சத்தம். சிவப்புத் தகட்டின் நட்டநடுவில் கொட்டைப்பாக்களவில் ஒரு புடைப்பு எழும்பியிருந்தது. அதைச் சுற்றிப் பெயின்ற் வெடித்திருந்தது.

கனகசிங்கம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நவரட்ணத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அரை அங்குலம் இடம் இருந்தது, நவம். நான் என்ர கண்ணால அளந்தனான். நீ என்ன செய்தனீ?”

“மெதுவாத்தான் அண்ணை அமத்தினான்...”

“மெதுவா அமத்தினா உப்பிடித் தகடு எழும்புமோ?”

நவரட்ணம் தன் கைகளைப் பார்த்தார். மெதுவாகத்தான் அமத்தினார், அது அவருக்குத் தெரியும். ஆனால் அடிமட்டம் பொய் சொல்லுமா? படியில் உருண்ட ஃப்ரிட்ஜ் ஞாபகத்துக்கு வந்தது. முகம் எரிந்தது.

“ஓம் அண்ணை. கொஞ்சம் உரமா அமத்திப்போட்டன் போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“சரி, விடு.” கனகசிங்கம் அவரைப் பார்க்காமலே கையை நீட்டினார். “கார்த் திறப்பைத் தா. நாளைக்கு என்ர தங்கச்சின்ர மகன் ரஜிதன் ஓடட்டும். நீ நேர மண்டபத்துக்கு வா.”

நவரட்ணம் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கோட்டை அயர்ன் பண்ணிக் கொழுவி வைத்திருக்கும் மனைவிக்கு என்ன சொல்வது? நிரூபாவின் முகத்தில் எப்படி முழிப்பது? நாளைக்கு மண்டபத்தில் இருநூறு பேர், ஏன் நீங்கள் ஓடவில்லை என்று கேட்பார்கள். குனிந்த தலையோடு பக்கத்துக் கதவை நோக்கி நடந்தார்.

அப்போது குசினிக் கதவு படாரென்று திறந்தது. முழங்கை வரை மாவோடு கோணேஸ்வரி நின்றாள். அவள் பார்வை கணவரைத் தாண்டி, மேசையில் கிடந்த மா உருண்டையில் போய் நின்றது.

“இஞ்சேருங்கோ! பணிசுக்கு ஈஸ்ட் போட்டு ரெண்டு மடங்காப் பொங்கட்டும் எண்டு வைச்ச மா, உங்கை ஏன் கிடக்கு?”