டாக்டருக்கு வைத்த விருந்து

ஆட்டை அறுத்தாயிற்று, கறியும் வெந்தாயிற்று. அப்புறமும் துரார் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"நல்லா யோசிச்சீங்களா? செஞ்சுட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க" என்றாள் மனைவி ஷார்பான்.

"ரெண்டு வருஷமா அதத்தான் யோசிக்கிறேன். இன்னிக்கு ஊர் முன்னாடி அந்தாளு வாயடைச்சுப் போகணும்."

மகள் அக்போத்தாவுக்கு இருபத்துமூன்று வயது. அவள் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தவர் டாக்டர் அசில்பெக்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தையல் ஆறிய பிறகும் நெஞ்சுவலி போகவில்லை. இருமினால் வலி, புரண்டு படுத்தால் வலி.

வலி என்று போன தடவையெல்லாம் அவளைப் பாதி நாள் தன் அறை வாசலில் காக்க வைத்துவிட்டு, "என் ஆபரேஷன்ல வலியெல்லாம் வராது. உங்க பொண்ணு நடிக்குது" என்று அனுப்பிவிட்டார் அந்த மனிதர். 'நடிக்குது' என்ற அந்த ஒரு வார்த்தையில் துராருக்கு இன்னும் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்து இறங்கினார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு. யாரும் சொல்லாமலே வாசலுக்கு எதிர்ப்பக்கம், பெரிய விருந்தாளிகளின் இடத்தில் போய்ச் சப்பணமிட்டார். காரை ஓட்டி வந்த அவர் மகன் மிராஸ் கதவோரமாக உட்கார்ந்துகொண்டான்.

"டேய், அங்க என்னடா? இங்க வந்து உக்காரு" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும்ப்பா. இதுதான் என் இடம்."

அக்போத்தா ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி கிண்ணங்களில் குதிரைப் பாலை ஊற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் உரக்கச் சிரித்தார்.

"பாத்தீங்களா? நல்லாத்தானே நடமாடுது! எல்லாம் மனப்பிரமை. இந்த வயசுப் பொண்ணுங்களே இப்படித்தான்."

ஊர்க்காரர்கள் சிலர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. துராரின் கை கத்தியைத் தேடிப் போயிற்று.

கறித்தட்டு வந்தது. ஆட்டுத்தலையை முறைப்படி டாக்டர் முன்னால் வைத்தார்கள். அவர் அதன் காதை அறுத்து வாயில் போடும் நேரத்தில் துரார் கத்தியோடு எழுந்து அவரை நோக்கி நடந்தார். ஷார்பான் கண்ணை மூடிக்கொண்டாள்.

துரார் குனிந்து, தட்டிலிருந்த நெஞ்சுக்கறியை மட்டும் எலும்போடு அறுத்து எடுத்தார். டாக்டரைத் தாண்டிப் போய், கதவோரம் இருந்த மிராஸிடம் அதை இரண்டு கையாலும் நீட்டினார். மிராஸும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நெஞ்சுக்கறி யாருக்குப் போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது, கதவோரம் உட்காரும் அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு.

"எ... என்னடா இது? எப்பருந்துடா?" டாக்டருக்கு நாக்கு குழறியது.

"உங்க ரூம் வாசல்லதான்ப்பா. நீங்க அவள மணிக்கணக்கா காக்க வச்சீங்க. உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக நானும் அங்கதான் காத்துக்கிட்டிருந்தேன்."

அக்போத்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். துரார் நிதானமாகத் திரும்பி வந்து டாக்டரின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.

"இனிமே என் பொண்ணு வலியில முனகுறது உங்க வீட்லதான் கேக்கும், சம்பந்தி!"