தண்ணீர் வந்த மத்தியானம்

வள்ளிமயில் வாக்கப்பட்டு வந்த மூன்று வருடமும் ஆற்றில் மணல்தான் கிடந்தது. “இதுக்குப் பேரு ஆறாக்கும்?” என்று புருஷன் காத்தமுத்துவைக் கேலி செய்வாள். ஒரு மத்தியானம், எங்கோ மேற்கே பெய்த மழை ஆற்றில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீர் வயலில் ஒருமுறை ஏறினால் போதும், சோளம் விளைந்துவிடும். எல்லோரும் மண்வெட்டியோடு மடைக்கு ஓட, காத்தமுத்து மட்டும் வீட்டுக்கு ஓடி அவளை இழுத்துவந்து கரையில் நிறுத்தினான். அவள் நுரையோடு கூடவே கரையோரம் நடந்தாள்.

இருவரும் போய்த் தங்கள் வயல் மடையைத் திறந்தபோது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. பாதி வயல்கூட நனையவில்லை.

“மொதல்ல மடையத் தொறக்காம என்னையக் கூப்பிட வந்தீகளே, கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“நீ பாக்குறதுக்குள்ள வடிஞ்சு போயிட்டா?”

வள்ளிமயில் அவனையே பார்த்தாள். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, “கொஞ்சம் இரு தாயி, போயிராத” என்றாள்.