அணில் சொன்ன அபிப்பிராயம்

ஒரு புளியமரத்தில் அணிலும் மைனாவும் அடுத்தடுத்த கிளைகளில் குடியிருந்தன. அணில் நாவல்களாகப் படித்துத் தள்ளும். மனதில் பட்டதைச் சொல்லியும்விடும். யானை எழுதி ஊரே கொண்டாடிய பழைய பெருநாவலைப் பற்றிக்கூட, "முதல் இருநூறு பக்கம் கொட்டாவிதான். அதற்குப் பிறகு சாப்பிடவே மறந்துபோனேன்" என்றுதான் சொன்னது.

அந்த வருஷம் மைனாவும் ஒரு நாவல் எழுதியது. படிக்கக் கொடுத்தபோது கிளி, "அற்புதம்" என்றது. கொக்கு, "காலத்தால் அழியாது" என்றது. அணில் மட்டும் தயங்கித் தயங்கி, "கதை நன்றாகப் போகிறது. ஆனால் கடைசியில் நரி திடீரென்று திருந்துவதை என்னால் நம்ப முடியவில்லை" என்றது.

மைனாவின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் அது அணிலோடு பேசவில்லை. அணிலுக்கும் அந்த வாரம் எந்தப் புத்தகமும் ஓடவில்லை.

எட்டாம் நாள் மைனா மற்ற இருவரிடமும் போய், "நரி திருந்தியதை நீங்கள் நம்பினீர்களா?" என்று கேட்டது.

"எந்த நரி?" என்றது கிளி. கொக்கு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

மைனா நேராக அணிலின் கிளைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"சரி, அந்த நரி வேறென்ன செய்திருக்கும் என்று நினைக்கிறாய்?" என்றது.