பின்னால் ஓடும் முப்பத்தொன்று

ஆறு மணிக்குள் ஒருவரையாவது ஏமாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் யாவோருக்கு வேலை போய்விடும்.

சோபியா நகரத்தில் ஒரு சந்துக்குள், மாடியறையில் அந்த வேலை. வீடுகளுக்குப் போன் போட வேண்டும். 'உங்க கம்ப்யூட்டர்ல வேண்டாத புரோகிராமெல்லாம் பின்னால ஓடுது, நாங்க நிறுத்தித் தர்றோம்' என்று நைசாகப் பேசி, கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிட வேண்டும். மூன்று வாரமாக யாவோரிடம் ஒருவரும் சிக்கவில்லை.

"இன்னிக்கு ஆறு மணிதான்டா உனக்குக் கெடு," என்றார் முதலாளி கலாபோவ், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி. "அப்புறம் அந்த நாற்காலில வேற ஆளு."

இரண்டு மணிக்கு சோன்கா அம்மாள் கிடைத்தாள். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டில் தனியாக இருப்பவள்.

"ஐயோ, ஆமா தம்பி! ஆமை மாதிரி நகருது. நீங்களே உள்ள வந்து பாருங்களேன்!" என்றவள், உள்ளே நுழைய அவன் கேட்ட எண்ணை இரண்டு முறை சொன்னாள்.

கம்ப்யூட்டர் அவன் கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு வெள்ளந்தியா என்று யாவோருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

வங்கிப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. கால் மணி நேரம் வட்டம்தான் சுற்றியது.

என்னதான் ஓடுகிறது என்று பார்த்தான். முப்பத்தொன்று! அவன் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்ட பொய், அந்த வீட்டில் சத்தியமாக இருந்தது.

வேறு வழியில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினான். மழை வருமா என்று சொல்ல மூன்று. ராசிபலன் சொல்ல இரண்டு. என்றைக்கோ செத்துப்போன பிரிண்டருக்குக் காவலாக ஒன்று. வைரஸைப் பிடிக்க வந்த இரண்டு, ஒன்றையொன்று பிடித்து உருண்டுகொண்டிருந்தன. நிறுத்தினால் மறுபடி எழுந்தன. வேரோடு பிடுங்கினான். சிமென்ட் மூட்டை சுமந்தவன் மாதிரி சட்டை நனைந்துவிட்டது.

"தம்பி, திரையில நடக்குதே பூனை, அத மட்டும் விட்டுடுங்க. ஸ்பெயின்ல இருக்கற என் பொண்ணு போட்டுக் குடுத்தது."

"பூனைதாம்மா பாதி கம்ப்யூட்டரத் திங்குது!"

"அப்ப சரி, அதையும் தூக்கிடுங்க."

ஐந்தே முக்காலுக்குக் கடைசிப் புரோகிராமும் போனது. கம்ப்யூட்டர் குதிரையாகப் பறந்தது. வங்கிப் பக்கம் பட்டென்று விரிந்தது. கலாபோவ் பின்னால் வந்து நின்று அவன் தோளைத் தட்டினார்.

"இப்ப உங்க பேரையும் பாஸ்வேர்டையும் போடுங்கம்மா," என்றான் யாவோர்.

"பேங்க்ல எனக்கு ஏது தம்பி கணக்கு? பென்ஷனத் தபால் ஆபீஸ்ல கையில வாங்கிக்கறேன்."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு நேரம் என்னை...?"

"ஈஸ்டர் வருதுல்ல? கம்பளம் உதறியாச்சு, ஜன்னல் துடைச்சாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. வருஷா வருஷம் உங்க ஆளுங்கதான் பண்ணித் தர்றீங்க, அப்படியே எதிர்வீட்டுக்காரி நம்பரையும் எழுதிக்கங்க, திங்கட்கிழமைலேர்ந்து அவ போன் பக்கத்துலயே உக்காந்திருக்கா!"