மேலே போன செம்புத்துகள்

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சுரங்கக் கல்லை மாவாக அரைத்து, மருந்து கலந்த தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, அடியிலிருந்து காற்று ஊதினார்கள். காற்றுக் குமிழிகள் செம்புத்துகளை மட்டும் மேலே தூக்கிப் போகும். மணல் அடியில் தங்கிவிடும். மேலே வந்த செம்பு அடுத்து உலைக்குப் போகும்.

அதில் ஒரு செம்புத்துகளை மட்டும் ஒரு மணல் அம்மா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரைச் சுமக்க என்னால முடியாதும்மா, பிடியை விடுங்க," என்றது குமிழி.

"நான் என்ன அவ்வளவு கனமா? ஓரமா ஒட்டிக்கிட்டு வர்றேன். இவனுக்குத் தனியாப் போய்ப் பழக்கமில்லை."

"எல்லாம் போய்க்குவேன், விடும்மா," என்று நெளிந்தான் செம்பு.

பாதி வழியிலேயே இருவரும் கீழே விழுந்தார்கள். அப்படி விழுந்தவர்களை ஆராய்ச்சிக்காரர்கள் வழித்தெடுத்து, மறுபடியும் அரவையில் போட்டார்கள். கல்லை நொறுக்க அங்கே உருண்டு வந்த இரும்புக் குண்டைப் பார்த்து மணல் பதறினாள்.

"சாமி, அடிக்கிறதுன்னா என் பக்கமா அடி. அவன் மேல படாம பாத்துக்கோ."

குண்டு விழுந்தது. பிடி விட்டுப்போயிற்று. திரும்பவும் தொட்டிக்கு வந்ததும், செம்பு முதல் குமிழியிலேயே தாவி ஏறிப் போய்விட்டான்.

மணல் அடியில் கிடந்தாள். கிடந்தாள் என்பது பேருக்குத்தான், புரண்டுகொண்டே இருந்தாள். மேலே போன குமிழி எதுவும் திரும்பி வருவதில்லை. ஆனாலும் புதிதாகக் கிளம்பிய ஒவ்வொரு குமிழியையும் மறித்தாள்.

"கண்ணு, மேலதானே போற? என் பையன் அங்கதான் இருப்பான். நல்லா இருக்கானான்னு பார்த்துட்டு வந்துடு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே, கோவிச்சுக்குவான்."